பொத்தானைத் தொட ஆளில்லை: நகைச்சுவைத் தொடரின் வாட்ஸ்அப் விளம்பரத்தைப் பழுது பார்க்கும் முறை

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு சென்னைச் சேனல்களுக்கு விளம்பர வசனம் எழுதுகிறவன் நான். கீழே சொல்லும் பழுதுகள் மூன்று தொடர்களில் திரும்பத் திரும்ப வந்தவை. குழப்பம் வேண்டாம் என்று எல்லாவற்றையும் ஒரே தொடரின் தலையில் வைத்துச் சொல்கிறேன்.

தொடரின் கதை இதுதான். ஊருக்குள் பெரிய செட்டியார் வீடு, எட்டுப் புள்ளிக்குப் பங்கு. (எங்கள் பக்கம் கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி.) கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பங்காளிகள் வந்து இறங்குகிறார்கள். பெட்டகச் சாவியைக் காணவில்லை. விளம்பரம் வாட்ஸ்அப்பில் நடக்கிறது. பார்வையாளர் ஓர் எண்ணுக்கு ‘வணக்கம்’ அனுப்பினால் அந்த வீட்டு ஆச்சி பதில் சொல்வார். அதன் கீழே மூன்று பொத்தான்கள் வரும். தொட்டால் கதை நகரும்.

உங்கள் பழுது எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், பணப்பையைத் திறக்கவேண்டிய காரணம் கடைசியில் இருக்கும். வரிசையை மாற்றாதீர்கள். எழுத்துப் பிழைக்குப் போய் மென்பொருளை மாற்றிய சேனலை நான் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: செய்தி போய்ச் சேர்கிறது, யாரும் பொத்தானைத் தொடுவதில்லை

முதலில் நேரத்தைப் பாருங்கள். தைப்பூசத்துக்கு முன்பு ஊரில் பாதிப் பேர் காவடியோடு பழனிக்கு நடந்துகொண்டிருப்பார்கள். அந்த வாரம் ஆச்சி என்ன சொன்னாலும் கேட்க ஆளில்லை. அன்றாடத்திலும் அப்படித்தான். காலை ஏழு மணிக்கு அடுப்படியில் இருப்பவர் கையில் மாவு இருக்கும், போன் இருக்காது. அனுப்பும் நேரத்தை மட்டும் மாற்றி மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். எண்ணிக்கை ஏறினால் பழுது தீர்ந்தது.

ஏறவில்லையா? வசனத்தை எடுங்கள். பத்துக்கு எட்டு முறை கோளாறு இங்கேதான் இருக்கும். நகைச்சுவை பொத்தானுக்கு முன்பே முடிந்துவிட்டிருக்கும். நான் முதலில் எழுதியது இது:

“சாவியைத் தேடித் தேடி உங்கள் மாமா பெட்டகத்துக்குள்ளேயே விழுந்துவிட்டார்! என்ன செய்யலாம்?”
[சிரிக்கிறேன்] [தூக்கிவிடலாம்] [அடுத்தது]

மாமா விழுந்தவுடன் சிரிப்பு தீர்ந்துபோகிறது. பார்வையாளருக்கு மிச்சம் இருப்பது படிவம் நிரப்பும் வேலை. ‘சிரிக்கிறேன்’ என்று ஒரு பொத்தான் வைத்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

இதற்கு நான் செய்யும் சோதனைக்குத் திண்ணைச் சோதனை என்று பெயர் வைத்திருக்கிறேன். வசனத்தை அறிமுகமான ஒருவருக்கு வாய்விட்டுப் படியுங்கள். பொத்தான் வரும் இடத்தில் வாயை மூடிக்கொள்ளுங்கள். அவராகவே ஏதாவது சொன்னால் வசனம் உயிரோடு இருக்கிறது. “ம், அப்புறம்?” என்று கேட்டால் செத்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இப்படித்தான் படித்தேன். “ஆச்சி, பெட்டகச் சாவியைக் காணவில்லை. பூட்டை உடைக்கலாமா, ஆசாரியைக் கூப்பிடலாமா?”

முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: “ஏன் தம்பி, சின்ன மருமகள் மடியைப் பார்த்தாயா?”

அன்றே மூன்றாவது பொத்தான் அதுவாகிவிட்டது: [உடைக்கலாம்] [ஆசாரியைக் கூப்பிடு] [சின்ன மருமகள் மடி]. முதல் இரண்டும் யோசனைகள், மூன்றாவது வம்பு. வம்பைத் தொடாத விரல் கிடையாது. கவனியுங்கள், ஆச்சி வாயில் நான் வைத்திருந்த வசனம் வெறும் கேள்விதான். சிரிப்பைத் தொடுகிறவர் கையில் கொடுத்துவிட்டேன். எழுதுகிறவன் கடைசி வார்த்தையைத் தனக்கென்று வைத்துக்கொண்டால் எந்தப் பொத்தானும் நகராது.

வசனமும் சரிதான் என்றால் அடுத்த காரணம் பயம். தெரியாத எண்ணிலிருந்து “தொடுங்கள்” என்று வந்தால் தொடாதே என்று எல்லா வீட்டிலும் பிள்ளைகள் பெற்றோருக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அது சரியான அறிவுரைதான். சேனலின் பெயரும் சரிபார்ப்புக் குறியும் கணக்கில் தெரிகிறதா என்று பாருங்கள். தொடரின் எபிசோடிலேயே அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். நடிகை வாயால் ஒருமுறை சொன்னால் நூறு விளம்பரத் தட்டிக்குச் சமம்.

இத்தனைக்குப் பிறகும் அசையவில்லை என்றால் பாத்திரத்திலேயே உயிர் இல்லை என்று பொருள். அதை விளம்பரக்காரன் ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய முடியாது. தொடரின் கதாசிரியரை அழைத்து உட்காரவைக்க வேண்டிய நேரம் இது.

அறிகுறி: முதல் பொத்தானோடு சரி, இரண்டாவதில் ஓடிவிடுகிறார்கள்

பதில் நீளமாக இருக்கிறதா? திரையில் விரலால் உருட்டாமல் பொத்தான் தெரிய வேண்டும். ஆச்சி மூன்று வரிக்கு மேல் பேசினால் அது புராணம். வெட்டுங்கள்.

நீளம் சரி என்றால், எதைத் தொட்டாலும் ஒரே பதில் வருகிறதா என்று பாருங்கள். சோம்பேறித்தனத்தில் எல்லோரும் செய்கிற வேலை இது. ‘உடைக்கலாம்’ என்றவருக்கும் ‘ஆசாரியைக் கூப்பிடு’ என்றவருக்கும் “சரி, பார்க்கலாம்” என்று வந்தால், தான் ஏமாற்றப்பட்டது அவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். அவர் இரண்டு பொத்தானையும் தொட்டுப் பார்ப்பார். தம்பியின் போனை வாங்கியும் தொட்டுப் பார்ப்பார்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு: கிளைகள் அளவுக்கு மீறிப் பெருகிவிடுவது. மூன்று பொத்தான், நான்கு படி என்றால் 81 முடிவுகள். எண்பத்தொன்றையும் நகைச்சுவையாக எழுத யாராலும் ஆகாது. எழுபது முடிவுகள் சப்பென்று இருக்கும், உங்கள் பார்வையாளர் அங்கேதான் போய் நிற்பார்.

தீர்வு எங்கள் வீடுகளிலேயே இருக்கிறது. வளவைச் (நடு முற்றத்தைச்) சுற்றி எத்தனை அறை இருந்தாலும் எல்லாக் கதவும் வளவில்தான் திறக்கும். அப்படி எழுதுங்கள். மூன்று தேர்வுக்கும் மூன்று தனிப் பதில், ஆளுக்கு ஒரு சிரிப்பு. அடுத்த கேள்வி மூவருக்கும் பொது. பூட்டை உடைத்தவருக்கு “உடைத்தது பக்கத்துப் புள்ளியின் பெட்டகம்.” ஆசாரியைக் கூப்பிட்டவருக்கு “ஆசாரியும் கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறார். எந்தக் கல்யாணம்? இந்தக் கல்யாணம்தான்.” மடியைத் தேடியவருக்கு “அவள் மடியில் இருந்தது வீட்டுச் சாவி இல்லை, கார்ச் சாவி.” பிறகு மூவரையும் வளவுக்கு இழுங்கள்: “யாரோ பின்கட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்.” இந்த முறையில் நான்கு படிக்குப் பன்னிரண்டு பதில்கள் எழுதினால் போதும்.

ஒரு சின்னக் கண்ணி மிச்சம் இருக்கிறது. பார்வையாளர்கள் மேலே உருட்டிப் போய் நேற்றைய பொத்தானையும் தொடுவார்கள். அப்போது கதை பின்னோக்கி ஓடுகிறதா, இரண்டு தடவை ஒரே பதில் வருகிறதா என்று நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். “அதைத்தான் நேற்றே கேட்டாயே” என்று ஆச்சி சொல்லும்படி ஒரு வரி எழுதி வைத்தால் பழுதே நகைச்சுவையாகிவிடும். அந்த வரியைச் சரியான இடத்தில் பொருத்துவது நிரலாளர் வேலை, உங்களுடையது அல்ல.

அறிகுறி: பொத்தானில் எழுத்து வெட்டுப்படுகிறது, அல்லது செய்தியே போகவில்லை

எண்ணுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்திக்கு மூன்று பதில் பொத்தான்கள், ஒரு பொத்தானுக்கு 20 எழுத்து. இந்த 20 நம் கணக்கில் இல்லை, கணினியின் கணக்கில். அதற்குப் புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி. ‘சின்ன மருமகள் இடுப்பு’ என்று முதலில் எழுதியிருந்தேன். இடைவெளியோடு சேர்த்து நம் கண்ணுக்குப் 14, கணினிக்கு 21. ஒன்று அதிகம். ‘இடுப்பு’ ‘மடி’ ஆன கதை இதுதான். இப்போது 17. ஆச்சி சொன்னதை அப்படியே எழுதியிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது.

மூன்று பொத்தான் போதவில்லை என்றால் பட்டியல் வடிவம் இருக்கிறது, பத்து வரிசை வரை தாங்கும். நகைச்சுவைக்கு நான் அதைப் பயன்படுத்துவதில்லை. பத்துத் தேர்வு ஓட்டல் விலைப்பட்டியல் போல இருக்கும்.

எழுத்து அளவு சரி, ஆனாலும் அடுத்த வாரச் செய்தி மட்டும் போகவில்லை என்றால் அது 24 மணி நேர விதி. பார்வையாளர் கடைசியாகச் செய்தி அனுப்பியதிலிருந்து ஒரு நாள் வரைதான் நீங்கள் நினைத்ததை எழுதி அனுப்பலாம். அதன் பிறகு வாட்ஸ்அப்பிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற மாதிரி வாசகம், அதாவது டெம்ப்ளேட்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை இரவு தொடங்கிய வம்பைத் திங்கள் இரவுக்குள் முடித்துவிடுங்கள். ‘மிச்சம் அடுத்த ஞாயிறு’ என்று இழுத்தால் கதவு சாத்தியிருக்கும், டெம்ப்ளேட் என்ற சாவிக்குத் தனிக் காசு.

எஸ்எம்எஸ் என்றால் கணக்கு வேறு. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160, தமிழில் 70 மட்டும். தாண்டினால் இரண்டு செய்திக்குக் காசு. அதோடு வணிக எஸ்எம்எஸ் வாசகங்களை 2018 விதிமுறைப்படி முன்பே பதிவு செய்தாக வேண்டும், கடைசி நிமிடத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் தடைபடும். நகைச்சுவைக்கு எஸ்எம்எஸ் வேண்டாம் என்பது என் கட்சி.

அறிகுறி: பார்வையாளர் பொத்தானை விட்டுவிட்டுத் தானே எழுதுகிறார், ஆச்சி உளறுகிறார்

இது பழுது போலத் தெரிந்தாலும் நல்ல சேதி. ஆச்சியை நம்பிவிட்டார்கள்.

வந்த செய்திகளில் ஒரு நூறைக் கையால் படியுங்கள். அறிக்கையை நம்பாதீர்கள், நீங்களே படியுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார்கள், ‘சாவி’க்கே நான்கு எழுத்துக்கூட்டல் கிடைக்கும். பெரியவர்கள் எழுதவே மாட்டார்கள், குரல் பதிவு அனுப்புவார்கள். பின்னணியில் மிக்சி ஓடும். இவற்றை எல்லாம் “மன்னிக்கவும், புரியவில்லை” என்று ஆச்சி திருப்பி அனுப்பினால் அங்கேயே வேடம் கலைந்தது. எந்த ஊர் ஆச்சி மன்னிப்புக் கேட்டார்?

புரியாத இடத்துக்கான வரிகளை மற்ற வரிகளைவிடக் கூடுதல் கவனத்தோடு எழுத வேண்டும். 2004இல் அமெரிக்க பர்கர் நிறுவனம் ஒன்று கோழி வேடம் போட்ட ஆளை இணையத்தில் நிறுத்தியது. என்ன கட்டளை தட்டினாலும் அவர் அதைச் செய்வார். ஏறத்தாழ முன்னூறு செயல்களை முன்பே படம் பிடித்து வைத்திருந்தார்கள். ஆபாசமாகக் கேட்டால் கோழி கேமராவுக்கு அருகில் வந்து விரலை ஆட்டிக் கண்டிக்கும். மறுப்பதையும் அவர்கள் ஒரு நகைச்சுவையாக எழுதி வைத்திருந்தார்கள்.

நான் மூன்று படியாக வைக்கிறேன். முதல் தடவை: “காதில் விழவில்லை, முகப்பில் நின்று கத்தாதே, உள்ளே வந்து சொல்.” இரண்டாம் தடவை: “எனக்குக் காது கேட்கும். நீ சொல்வதுதான் விளங்கவில்லை.” மூன்றாம் தடவை பொத்தான்களை மறுபடி காட்டிவிட வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் சிரிப்பு எரிச்சலாகும்.

எதிர்பாராமல் அதிகம் வந்த கேள்வி சாவியைப் பற்றியது அல்ல, வெள்ளைப் பணியாரத்தைப் பற்றியது. அதற்கு உண்மையான பதிலே கொடுத்தோம். “ஓர் உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்துகொள். அதன் மேல் உளுந்தைக் கோபுரமாக வை. கோபுரம் சரிந்தால் நீ இன்னும் சமையலுக்குத் தயாராகவில்லை.” தொடரின் ப்ரோமோவைவிட இந்த ஸ்க்ரீன்ஷாட்தான் அதிகம் சுற்றியது.

கடைசிப் படி, செலவு கூடியது: செயற்கை நுண்ணறிவைப் பேசவிடுவது. ஒருமுறை செய்து பார்த்தோம். இரண்டாம் நாள் அது ஒரு பார்வையாளருக்குக் கண்டாங்கிச் சேலை தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டது. சேலையைச் சேனல் வாங்கி அனுப்பியது. எதை எல்லாம் பேசக்கூடாது என்று வேலி போடத் தெரிந்த பொறியாளர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

அறிகுறி: சிரிக்கிறார்கள், பகிர்கிறார்கள், தொடரைப் பார்ப்பதில்லை

“செட்டியார் முறுக்கா, சரக்கு முறுக்கா” என்று கேட்பார்கள், முறுக்கு என்றால் மிடுக்கு. இங்கே முறுக்கு விளம்பரத்தில் நின்றுவிட்டது.

கிழமையும் மணியும் எங்கே இருக்கின்றன? கடைசிச் செய்தியில் என்றால் அங்கே வரை வந்தவர்கள் மட்டும்தான் பார்த்திருப்பார்கள். ஆச்சி வாயில் இரண்டாவது பதிலிலேயே வையுங்கள்: “ஞாயிறு ஒன்பதரைக்கு மேல் என்னிடம் பேசாதே, எனக்கு டிவியில் வேலை இருக்கிறது.”

இருந்தும் பயனில்லை என்றால், தொடரின் பெயரைக் கையால் மறைத்துவிட்டு வசனத்தைப் படியுங்கள். சோப்புக்கும் சிமெண்டுக்கும் அதே வசனம் பொருந்துமா? பொருந்தினால் அது அநாதை நகைச்சுவை. சாவி, பெட்டகம், எட்டுப் புள்ளியின் சண்டை, இவற்றில் ஒன்றை உருவினால் சிரிப்பு சரிந்துவிழ வேண்டும்.

அதுவும் சரியாக இருந்தால், நீங்கள் அதிகமாகக் கொடுத்துவிட்டீர்கள். விளம்பரத்திலேயே சாவி கிடைத்துவிட்டால் எதற்காக டிவியைப் போடுவது? உரையாடலில் எல்லாம் இருக்கலாம், ஒன்று மட்டும் இருக்கக்கூடாது. அந்த ஒன்று எபிசோடில் முதல் விளம்பர இடைவேளைக்குள் வர வேண்டும். இதற்குப் படப்பிடிப்புக்கு முன்பே இயக்குநரோடு பேசியிருக்க வேண்டும். பார்வையாளர் தேர்ந்தது எபிசோடில் தெரிய வேண்டும் என்றால் மாற்றுக் காட்சிகளையும் சேர்த்துப் படம் பிடிக்க வேண்டும். அது தயாரிப்பாளரின் பணம், அவர் தலையசைக்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: கோபம் வந்துவிட்டது

ஓரிரண்டு பேரா, ஒரு மணி நேரத்தில் ஐம்பது பேரா? ஓரிரண்டு என்றால் மனிதர் ஒருவர் தன் பெயரில் பதில் எழுதட்டும். ஐம்பது என்றால் தானியங்கி பதில்களை உடனே நிறுத்துங்கள். ஊரே திட்டிக்கொண்டிருக்கும்போது ஆச்சி பாட்டுக்குப் பணியாரம் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதைப் போல வெறுப்பேற்றும் காட்சி வேறில்லை. மன்னிப்புக் கடிதத்தை ஆச்சி குரலில் எழுதாதீர்கள்.

பிறகு காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் யார் தோற்கிறார் என்பதில் இருக்கும். செட்டியார் என்றால் கருமி என்று எழுதியிருந்தால், அது நகைச்சுவை இல்லை, பழைய வசவு. கல்யாணத்துக்கு முறைச்சிட்டை எழுதி, கொடுத்ததையும் வாங்கியதையும் கணக்கில் ஏற்றும் பழக்கத்தைப் பங்காளி ஒருவர் சொன்னால் வீடே சிரிக்கும். சேனல் சொன்னால் ஏளனம். அதனால் எங்கள் விளம்பரத்தில் எப்போதும் சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரி மாப்பிள்ளைதான் தோற்பார். இதுவரை எந்த மாப்பிள்ளையும் புகார் கொடுக்கவில்லை.

படத்தையும் பாருங்கள். ஆத்தங்குடிக் கல்லும் பர்மா தேக்குத் தூணும் அழகாக இருக்கிறது என்று உண்மையான வீட்டின் படத்தைப் போட்டிருந்தால், அதற்கு எத்தனை பங்காளி என்று கேட்டீர்களா? ஒருவர் சரி என்பார், வெளிநாட்டில் இருக்கும் இன்னொருவர் நோட்டீஸ் அனுப்புவார். எழுத்தில் அனுமதி இல்லாத படத்தை அன்றே இறக்குங்கள். நோட்டீஸ் வந்துவிட்டால் நீங்கள் பதில் எழுத வேண்டாம், சேனலின் வக்கீல் எழுதட்டும்.

நேராக வல்லுநரிடம் போகவேண்டியவை

பரிசு. “சாவியைக் கண்டுபிடித்தால் தங்கக் காசு” என்று எழுதும் முன் வக்கீலிடம் காட்டுங்கள். தமிழ்நாட்டில் பரிசுத் திட்டங்களைத் தடைசெய்யும் 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நாடு முழுவதும் ஓடும் போட்டிகளின் அடிக்குறிப்பில் ‘தமிழ்நாட்டவருக்குப் பொருந்தாது’ என்று பார்த்திருப்பீர்களே, அதற்குக் காரணம் இதுதான். குலுக்கலா, திறமையா, பொருள் வாங்கினால்தான் கலந்துகொள்ள முடியுமா என்பதை எல்லாம் எழுத்தாளன் முடிவு செய்ய முடியாது.

பிள்ளைகள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைச் சேகரிப்பதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக ஆச்சியிடம் பேச ஆரம்பித்தால் மகிழ்ந்து நிற்காமல் சட்டப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.

பொது இடத்தில் பொருள் வைப்பது. காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் பூட்டிய பெட்டகம் ஒன்றை வைத்து, மேலே கியூஆர் குறியை ஒட்டலாம் என்று ஒரு கூட்டத்தில் யோசனை வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். 2007 ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், கேலிச்சித்திரத் தொடர் ஒன்றின் விளம்பரத்துக்காகப் பாலங்களில் மாட்டிய மின்விளக்குப் பலகைகளை வெடிகுண்டு என்று நினைத்துச் சாலைகளை மூடினார்கள். தொடரை ஒளிபரப்பிய நிறுவனமும் விளம்பர நிறுவனமும் சேர்ந்து 20 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. நான் இதைச் சொன்னதும் கூட்டத்தில் கைதட்டல் நின்றது. பெட்டகத்தை எழுத்துபூர்வ அனுமதியோடு ஒரு ஜவுளிக்கடை வாசலில், பக்கத்தில் ஒரு காவலாளியை நிறுத்தி வைத்தோம். முதல் நாளே ஒருவர் வந்து அவரிடம் கேட்டாராம்: “சின்ன மருமகள் இன்னும் வரவில்லையா?”